பனிக்காலம் முழுக்க வெளியில் நின்ற கார்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

டொராண்டோ பக்கம் இருக்கும் நம்மவர்களில் பலர் டிசம்பர் நடுவில் ஊருக்குக் கிளம்பினால் பொங்கல், ஒரு கல்யாணம், ஒரு கோயில் பயணம் என்று எல்லாம் முடித்துவிட்டு மார்ச்சில்தான் திரும்புகிறோம். கராஜ் இருக்கும் வீட்டில்கூட அது சாமான்களால் நிறைந்திருக்கும். கார் டிரைவ்வேயில், திறந்த வெளியில், மைனஸ் 20 வரை இறங்கும் இரவுகளில் எழுபது எண்பது நாள் தனியாக நிற்கும். நான் மிசிசாகாவில் குடியேறிய பிறகு ஐந்து முறை இப்படி விட்டுவிட்டுப் போயிருக்கிறேன். முதல் இரண்டு முறை திரும்பி வந்தபோது பணமும் நிம்மதியும் சேர்ந்து போயின. அடுத்த மூன்று முறை சாவியைத் திருப்பியதும் கார் கிளம்பியது. நடுவில் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன்.

கீழே ஒவ்வொரு பகுதியும் ஓர் அறிகுறியில் தொடங்குகிறது. ஊரிலிருந்து வந்து இறங்கியவர் உங்கள் கார் காட்டும் அறிகுறியைத் தேடிப் படியுங்கள். இன்னும் கிளம்பாதவர் எல்லாவற்றையும் படியுங்கள். காரணம், இந்தக் கோளாறுகளில் பெரும்பாலானவை கிளம்பும் முன் செய்யாமல் விட்ட ஏதோ ஒரு வேலையால் வருபவை.

சாவியைத் தொடும் முன்

விமானம் இறங்கிய களைப்பில் நேராகப் போய் செல்ஃப் அடிக்காதீர்கள். முதலில் காரைச் சுற்றி ஒரு முறை நடங்கள். சைலன்சர் வாய் பனியில் புதைந்திருந்தால் மண்வெட்டியால் முழுக்கத் தோண்டி எடுங்கள். அது அடைபட்டிருக்கும்போது இன்ஜின் ஓடினால் கார்பன் மோனாக்சைடு காருக்குள் வரும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை; ஆளைக் கொன்றுவிடும். அடுத்து, காருக்கு அடியில் ஏதாவது சொட்டியிருக்கிறதா, நான்கு டயரிலும் காற்று இருக்கிறதா என்று பாருங்கள். பானட்டைத் திறந்து உள்ளே காய்ந்த புல், பஞ்சு, விதைத் தோல் கிடக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கிடந்தால் ஸ்டார்ட் செய்ய வேண்டாம். எலிப் பகுதிக்குப் போங்கள்.

அறிகுறி: கதவே திறக்கவில்லை

ரிமோட் வேலை செய்யவில்லை என்றால் பெரும்பாலும் பேட்டரி இறங்கியிருக்கும். ரிமோட்டுக்குள்ளேயே ஓர் இரும்புச் சாவி ஒளிந்திருக்கும். ஓட்டுநர் பக்கக் கதவில் அதற்கான துளையும் இருக்கும். சில வண்டிகளில் கைப்பிடி ஓரத்தில் ஒரு சின்ன மூடிக்குள் மறைந்திருக்கும்.

பூட்டு திறந்தும் கதவு வரவில்லை என்றால் ரப்பர் பீடிங் கதவோடு சேர்ந்து உறைந்திருக்கிறது. இழுக்காதீர்கள், கிழிந்துவிடும். கதவை உள்பக்கமாக உடம்பால் நன்றாக அழுத்துங்கள். பனிப் பிடிப்பு உடைந்து விடும். வெந்நீரை மட்டும் ஊற்றவே கூடாது. குளிர்ந்த கண்ணாடி விரிசல் விடும், ஊற்றிய தண்ணீரும் நிமிடங்களில் மறுபடி உறையும். கிளம்பும் முன் பீடிங்கைத் துடைத்து சிலிக்கான் ஸ்ப்ரே தடவியிருந்தால் இந்தத் தொல்லையே வராது.

அறிகுறி: 'டக் டக்' என்ற சத்தம், அல்லது சத்தமே இல்லை

இதுதான் எல்லோருக்கும் வருவது. இதற்குக் கொஞ்சம் நேரம் செலவழிப்போம்.

நிறுத்தி வைத்த கார் தூங்குவதில்லை. அலாரம், ரிமோட்டுக்காகக் காத்திருக்கும் ரிசீவர், உள்ளே இருக்கும் கணினிகள் எல்லாம் சேர்ந்து சொட்டுச் சொட்டாக மின்சாரம் குடிக்கும். நல்ல நிலையில் இருக்கும் காரிலேயே 25 மில்லி ஆம்பியர் போவது சாதாரணம். ஒரு நாளைக்கு 0.6 ஆம்பியர்-மணி. 75 நாளில் 45 ஆம்பியர்-மணி. உங்களுடையது 60 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் முக்கால் பங்கு காலி. மீதி இருப்பதையும் குளிர் முழுதாகத் தராது. மைனஸ் 18 டிகிரியில் ஒரு நல்ல பேட்டரியின் இழுவைத் திறனே ஏறக்குறைய பாதிதான்.

இதைவிட மோசமான ஒன்றும் நடக்கும். முழுக்க சார்ஜ் உள்ள பேட்டரி மைனஸ் 50க்கும் உறையாது. ஆனால் காலியான பேட்டரிக்குள் இருப்பது கிட்டத்தட்ட தண்ணீர்தான். மைனஸ் 7 அளவிலேயே உறையக்கூடும். உறைந்து விரிந்தால் உள் தகடுகள் வளையும், பெட்டி பிளக்கும்.

அதனால் இன்னொரு காரின் பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுத்துக் கிளப்ப (இதுதான் ஜம்ப்) ஜம்பர் கேபிளை எடுப்பதற்கு முன் பேட்டரியைக் கண்ணால் பாருங்கள். பக்கங்கள் உப்பியிருந்தாலோ, விரிசல் தெரிந்தாலோ, மூடிகள் மேலே தள்ளப்பட்டிருந்தாலோ அதற்கு ஜம்ப் கொடுக்கக் கூடாது, சார்ஜும் போடக் கூடாது. வெடிக்கும், ஆசிட் தெறிக்கும். புதுசு வாங்குவதுதான் வழி. உப்பல் இல்லை, ஆனால் உறைந்திருக்குமோ என்று சந்தேகம் என்றால் கழற்றிக் குளிர் இல்லாத, காற்றோட்டமான இடத்தில் ஒரு நாள் வையுங்கள். பிறகு ஒழுகல் இல்லை என்று உறுதியானால் சார்ஜ் போடலாம்.

பார்வைக்கு நன்றாக இருந்தால் மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். கோளாறு பேட்டரியில் இல்லை, முனைகளில் பச்சை பூத்திருக்கிறதா, கிளாம்ப் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே என்றால் காலி. காலியானதை ஜம்ப் கொடுத்துக் கிளப்பிக் கடைக்குப் போய் வந்தால் நிறைந்துவிடும் என்று நம்ப வேண்டாம். இன்ஜின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்நேட்டர் குறைந்ததை ஈடுகட்டத்தான். செத்ததை எழுப்ப அல்ல. சுவரில் செருகும் சார்ஜரில் ஓர் இரவு முழுக்கப் போடுங்கள். பேட்டரி மேல் ஏஜிஎம் (AGM, ஒரு பேட்டரி வகை) என்று எழுதியிருந்தால் சார்ஜரிலும் அதற்கான முறையைத் தேர்ந்தெடுங்கள்.

அவசரத்துக்கு ஜம்ப் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் வரிசை முக்கியம். சிவப்பு கேபிள் முதலில் செத்த பேட்டரியின் பிளஸ்ஸில், மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பு கேபிள் நல்ல பேட்டரியின் மைனஸில், அதன் மறுமுனை செத்த காரின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத ஓர் இரும்புப் பகுதியில். செத்த பேட்டரியின் மைனஸில் நேராக மாட்டாதீர்கள். கடைசி இணைப்பில் பொறி பறக்கும், பேட்டரி பக்கத்தில் ஹைட்ரஜன் வாயு இருக்கலாம். வண்டி கிளம்பியதும் மீட்டரை மறுபடி வையுங்கள். 13.7க்கும் 14.7க்கும் இடையில் காட்டினால் சார்ஜ் ஏறுகிறது.

சரி, கிளம்பும் முன் என்ன செய்திருக்க வேண்டும்? மூன்று வழி. வெளியில் பிளக் இருந்தால் பேட்டரி மெயின்டெய்னர் ஒன்றை மாட்டிவிட்டுப் போவதுதான் சிறந்தது. அது தேவைப்படும்போது மட்டும் சார்ஜ் செய்து நிறுத்திக்கொள்ளும். பிளக் இல்லையா, மைனஸ் முனையைக் கழற்றி வையுங்கள். நன்றாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி கழற்றிய நிலையில் குளிர்காலத்தைத் தாண்டிவிடும், ஏனென்றால் குளிரில் அது தானாக இறங்குவது மிகவும் மெதுவாகத்தான். மூன்றாவது, முழுதாகக் கழற்றி வீட்டு பேஸ்மென்ட்டில் வைப்பது. கழற்றும் முன் உங்கள் ரேடியோ மறுபடி வேலை செய்ய ரகசிய எண் (code) தேவையா, பூட்டிய பிறகு பானட்டையும் டிக்கியையும் எப்படித் திறப்பது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரி டிக்கிக்குள் இருக்கும் வண்டிகளில் இது பெரிய சிக்கல்.

நம்மிடையே வேரூன்றிவிட்ட ஒரு பழக்கம் இருக்கிறது: "வாரம் ஒரு தடவை வந்து பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வை மச்சான்" என்று நண்பரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவது. நானும் முதல் வருடம் அதையே செய்தேன். நண்பர் ஒரு வாரம் தவறவில்லை. திரும்பி வந்தபோது பேட்டரி செத்திருந்தது, ஆயில் மூடிக்குள் வெண்ணெய் போல் ஒரு படலம் ஒட்டியிருந்தது.

இதன் காரணம் எளிது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகி ஆவியாக வெளியேற வேண்டும். இன்ஜினும் சைலன்சரும் முழுதாகச் சூடேறினால்தான் அது வெளியேறும். நின்ற இடத்தில் பத்து நிமிடம் உறுமினால் அந்த நீர் ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கி, அமிலத்தோடு சேர்ந்து அரிக்கும். செல்ஃப் எடுத்த மின்சாரமும் அந்தப் பத்து நிமிடத்தில் திரும்பி வராது. ஒன்று, அரை மணி நேரமாவது சாலையில் ஓட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் தொடவே வேண்டாம் என்று சொல்லுங்கள். நல்ல மனதோடு உதவுபவரின் உழைப்பு நம் இன்ஜினைக் கெடுக்கக் கூடாது.

அறிகுறி: ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் குலுங்குகிறது, பிக்கப் இல்லை

இங்கே ரெகுலர் பெட்ரோலில் சுமார் 10 சதவீதம் எத்தனால் இருக்கும். எத்தனால் ஈரத்தை இழுக்கும். பாதி காலியான டேங்கில் காற்று அதிகம். அந்தக் காற்றிலிருந்து நீர் படியும். நீர் அளவுக்கு மிஞ்சினால் எத்தனாலோடு சேர்ந்து டேங்கின் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும்.

மூன்று மாதத்துக்குள் என்றால் பயப்பட வேண்டாம். டேங்கில் புதுப் பெட்ரோல் நிறைத்து மெதுவாக ஓட்டினால் பெரும்பாலும் சரியாகும். ஒரு டேங்க் முடிந்தும் குலுங்கினால், அல்லது செக் இன்ஜின் விளக்கு விட்டு விட்டு மின்னினால், ஓட்டாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். மின்னும் விளக்கு என்றால் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போகிறது. அது விலை கூடிய பொருள்.

கிளம்பும் முன் செய்ய வேண்டியது: டேங்கை நிரப்புவதற்குச் சற்று முன், பெட்ரோல் கெடாமல் காக்கும் ஃப்யூல் ஸ்டெபிலைசர் ஊற்றி, பெட்ரோலை நிரப்பி, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டி அது இன்ஜெக்டர் வரை போன பிறகு நிறுத்துங்கள். அதே நேரத்தில் ஆயிலும் மாற்றிவிடுங்கள். பழைய ஆயிலில் இருக்கும் ஈரமும் அமிலமும் மூன்று மாதம் பேரிங்கில் ஊறிக்கொண்டிருக்கும். ஊரிலிருந்து வந்து மாற்றிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது தலைகீழ்க் கணக்கு.

அறிகுறி: ஹீட்டரைப் போட்டால் வாடை, ஃபேனில் சரசரப்பு

எலி. எனக்கு இரண்டாவது வருடம் நடந்தது. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால் கைநிறைய சூரியகாந்தி விதை, பக்கத்து வீட்டுப் பறவைத் தீனித் தொட்டியிலிருந்து ஒவ்வொன்றாகச் சுமந்து வந்து அடுக்கியது. கேபின் ஃபில்டரில் பஞ்சுக் கூடு. இன்ஜெக்டருக்குப் போகும் வயர் ஒன்று பாதி கடித்த நிலையில் இருந்தது. அந்த ஒரு வயர்க் கொத்துக்காக வண்டி ஒரு வாரம் ஒர்க்‌ஷாப்பில் நின்றது.

முதலில் உடல்நலம். இந்த நாட்டு மான் எலிகளின் எச்சத்திலும் சிறுநீரிலும் ஹான்டா வைரஸ் இருக்கலாம். அரிதுதான், ஆனால் நுரையீரலைத் தாக்கினால் உயிருக்கே ஆபத்து. காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், வேக்குவம் போடாதீர்கள், ஃபேனை ஓட விடாதீர்கள். தூசியாகப் பறந்து மூக்கில் போகும். கதவுகளைத் திறந்து அரை மணி நேரம் காற்றாட விடுங்கள். கையுறையும் என்95 முகக்கவசமும் போட்டுக்கொண்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து கூட்டின் மேல் நன்றாகத் தெளித்து ஐந்து நிமிடம் ஊற விட்டு, காகிதத்தால் வாரிக் கட்டிப் போடுங்கள். கேபின் ஃபில்டரையும் ஏர் ஃபில்டரையும் புதிதாக மாற்றுங்கள். பிறகு டார்ச்சோடு கண்ணுக்குத் தெரியும் ஒவ்வொரு வயரையும் பின்தொடர்ந்து பாருங்கள். கடித்த வயர் ஒன்று கண்டாலும் இன்ஷூரன்ஸுக்குப் போன் செய்யும் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வராமல் தடுக்க: எலிக்கு 6 மில்லிமீட்டர் இடுக்கு போதும், ஆகையால் எல்லா வழியையும் அடைத்துவிட முடியாது. அது வர விரும்பாத இடமாகக் காரை ஆக்குவதுதான் நம் கையில் இருக்கிறது. காருக்குள் உணவு ஒரு துணுக்கு இருக்கக் கூடாது. குழந்தை இருக்கையைக் கழற்றிப் பாருங்கள், முறுக்குத் தூள் அடியில் இருக்கும். டிக்கியில் அரிசி மூட்டை சிந்தியிருக்கும். தரைவிரிப்பைத் தூக்கி வேக்குவம் போடுங்கள். விறகுக் குவியல், பறவைத் தீனி, குப்பைத் தொட்டி பக்கத்தில் நிறுத்தாதீர்கள். சைலன்சர் வாயிலும் ஏர் இன்டேக் வாயிலும் இரும்புக் கம்பளியைச் செருகலாம். செருகினால் ஸ்டீயரிங்கில் பெரிய எழுத்தில் ஒரு சீட்டு கட்டிவிட்டுப் போங்கள். எடுக்காமல் ஸ்டார்ட் செய்துவிடக் கூடாது. அந்துருண்டையைப் பலர் சொல்கிறார்கள். வெளியில் நிற்கும் காரில் அதன் வாடை எலியை விரட்டியதாக நான் பார்த்ததில்லை. கோடை முழுக்க நம் மூக்கில்தான் இருந்தது.

அறிகுறி: கியர் விழுகிறது, வண்டி நகரவில்லை

ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டுப் போயிருப்பீர்கள். பிரேக் கேபிளுக்குள் புகுந்த ஈரம் உறைந்திருக்கும், அல்லது பின் சக்கரத்தில் பேடும் டிஸ்கும் துருவால் ஒட்டியிருக்கும். ஆக்சிலரேட்டரை அழுத்தி அடம் பிடிக்காதீர்கள். இன்ஜினைச் சூடேற விட்டு, முன்னும் பின்னும் மெல்ல அசைத்துப் பாருங்கள். பெரும்பாலும் 'டக்' என்று விடும். விடவில்லை என்றால் வெயில் ஏறும் வரை பொறுங்கள், அப்புறம் மெக்கானிக்.

நீண்ட நாள் நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் வேண்டாம். சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஆட்டோமேட்டிக்கை 'பி'யில், மேனுவலை முதல் கியரில் விடுங்கள். பட்டனில் இயங்கும் ஹேண்ட் பிரேக் சில வண்டிகளில் இன்ஜினை அணைத்ததும் தானாகவே விழும்; அதை விழாமல் வைக்கும் வழி வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும்.

அறிகுறி: பிரேக் போட்டால் கரகர சத்தம்

டிஸ்கில் படிந்த மேல் துரு. காலியான தெருவில் மெதுவாகப் பத்துப் பதினைந்து முறை பிரேக் போட்டால் தேய்ந்து போகும். அதற்குப் பிறகும் பெடல் காலுக்கடியில் துடித்தால் துரு ஆழமாகக் குழி பறித்திருக்கிறது. டிஸ்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். காரைக் கழுவிய கையோடு நிறுத்திவிட்டுப் போனால் இது உறுதியாக வரும். கழுவிய பிறகு இருபது நிமிடம் ஓட்டி, பிரேக்கை உலர வைத்துவிட்டு நிறுத்துங்கள்.

அறிகுறி: ஓடும்போது 'தட் தட்' என்ற அதிர்வு

ஒரே இடத்தில் நின்ற டயரின் அடிப்பாகம் தட்டையாகியிருக்கும். முதலில் காற்றைப் பாருங்கள். 10 டிகிரி குறைந்தால் டயரில் காற்றழுத்தம் ஏறத்தாழ 2 பிஎஸ்ஐ (psi) குறையும். அக்டோபரின் 15 டிகிரியில் அடித்த காற்று மைனஸ் 15இல் 5 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கியிருக்கும். சரியான அளவுக்கு நிரப்பி அரை மணி ஓட்டினால் ரப்பர் சூடாகி வட்டம் திரும்பும். திரும்பவில்லை என்றால் டயர் கடையில் காட்டுங்கள். நிறுத்தும் முன் ஓட்டுநர் கதவோரத்தில் எழுதியிருக்கும் அளவைவிட 5 பிஎஸ்ஐ கூட்டி அடியுங்கள், ஆனால் டயரின் பக்கவாட்டில் போட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டக் கூடாது. கோடை டயரோடு நிறுத்தியிருந்தால் கடுங்குளிரில் வண்டியை நகர்த்தவே வேண்டாம். அந்த ரப்பர் கண்ணாடி போல் விறைத்து விரிசல் விடும்.

அறிகுறி: அடியில் பச்சை அல்லது இளஞ்சிவப்புத் திரவம்

இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட். வெறும் தண்ணீரை ஊற்றி ஓட்டிய காராக இருந்தால், உறைந்த நீர் 9 சதவீதம் விரிந்து ரேடியேட்டரையோ இன்ஜினையோ பிளந்திருக்கலாம். ஸ்டார்ட் செய்யாமல் டோ வண்டியைக் கூப்பிடுங்கள். கூலன்ட்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி என்றால் மைனஸ் 37 வரை தாங்கும். கூடுதல் பாதுகாப்பு என்று முழுக்கக் கூலன்ட்டை ஊற்றுவதும் தவறு. கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால், தண்ணீர் கலக்காவிட்டால் மைனஸ் 13 அளவிலேயே உறைந்துவிடும். கொட்டியதை உடனே துடையுங்கள். இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கும், கொஞ்சம் போனாலே அவற்றுக்கு விஷம்.

கண்ணாடி கழுவும் நீர் பீய்ச்சவில்லை என்றால் அதுவும் இதே கதைதான்: கோடை நீர் தொட்டியில் உறைந்திருக்கிறது. உருகும் வரை பட்டனை அழுத்தாதீர்கள், மோட்டார் போய்விடும். மைனஸ் 40 என்று எழுதியதை வாங்கி ஊற்றிவிட்டுப் போங்கள்.

அறிகுறி: உள்ளே பூஞ்சை வாடை, கண்ணாடியின் உட்புறம் பனி

பூட்ஸில் வந்த பனி மிதியடியில் உருகி அங்கேயே தங்கியது. மிதியடிகளை எடுத்துவிட்டுத் தரைவிரிப்பை ஹீட்டரும் ஏசியும் சேர்த்துப் போட்டு உலர்த்துங்கள். ஏசி காற்றிலிருந்து ஈரத்தைப் பிரித்தெடுக்கும். மேலிருந்து ஈரம் வந்த தடம் தெரிந்தால் சன்ரூஃபின் வடிகால் துளையும் வைப்பருக்கு அடியில் இருக்கும் பள்ளமும் இலையால் அடைத்திருக்கும். அக்டோபரில் மேப்பிள் இலை கொட்டி முடிந்ததும் அதைக் கையால் அள்ளிவிட வேண்டும்.

அறிகுறி: பெயின்டில் மங்கலான தேய்ப்பு, அடியில் துருக் கொப்பளம்

தேய்ப்பு தார்ப்பாயால் வந்தது. பிளாஸ்டிக் தார்ப்பாய் ஈரத்தை உள்ளே அடைக்கும். காற்றில் படபடத்து அடியில் இருக்கும் தூசியால் பெயின்டை மணல்தாள் போல் உரசும். காற்று புகும் துணி உறை, காரின் அளவுக்குப் பொருந்தியதாக, அடியில் கயிறு கட்டக்கூடியதாக வேண்டும். அது கிடைக்காவிட்டால் மெழுகு பூசிவிட்டுத் திறந்தே விடுவது மேல்.

துரு வேறு விஷயம். சாலையில் தூவும் உப்பு உறைபனியில் அதிகம் கெடுக்காது. உருகும் நாளில்தான் கரைந்து மூலை முடுக்கெல்லாம் ஓடி வேலையைத் தொடங்கும். டொராண்டோவில் பனிக்காலம் முழுக்க உறைவதும் உருகுவதும் மாறி மாறித்தான் வரும். எதிர்வீட்டு யாழ்ப்பாணத்து அண்ணன் நான் கிளம்பும் ஒவ்வொரு தடவையும் "தம்பி, உப்போட விட்டிட்டுப் போகாதேங்கோ" என்பார். அவர் சொன்னது முழுக்க உண்மை. பூஜ்ஜியத்துக்கு மேல் இருக்கும் ஒரு நாளாகப் பார்த்து, அடிப்பாகம் கழுவும் வசதி உள்ள கார் வாஷில் காசு கொடுத்துக் கழுவுங்கள். இலையுதிர் காலத்திலேயே அடியில் துருத்தடுப்பு எண்ணெய் அடித்து வைத்திருந்தால் இன்னும் நல்லது.

அறிகுறி: கார் சரியாக இருக்கிறது, ஆனால் நோட்டீஸ் வந்திருக்கிறது

டொராண்டோ தெருக்களில் வேறு பலகை இல்லாத இடத்தில் மூன்று மணி நேரம்தான் நிறுத்தலாம். ஆகவே டிரைவ்வேயிலோ அனுமதி வாங்கிய தனியார் இடத்திலோதான் விட வேண்டும். இன்ஷூரன்ஸை முழுதாக ரத்து செய்யாதீர்கள். ஒன்டாரியோவில் ஓட்டும் பகுதியை மட்டும் நிறுத்தி வைக்க ஓபிசிஎஃப் 16 என்ற படிவம் இருக்கிறது. திருட்டு, தீ போன்றவற்றுக்கான காம்ப்ரிஹென்சிவ் பகுதி தொடரும். காருக்குக் கடன் இருந்தால் கடன் கொடுத்தவர் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒன்றை மறக்க வேண்டாம்: நிறுத்தி வைத்த பகுதியைத் திரும்பத் தொடங்கும் வரை அந்தக் காரைத் தெருமுனை வரைகூட ஓட்டக் கூடாது, நண்பரும் ஓட்டக் கூடாது. விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியிலேயே அந்தப் போனைச் செய்துவிடுங்கள்.

முதல் நாள் நாற்பது நிமிடம் நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டு வந்து நிறுத்துங்கள். மறுநாள் காலை காரின் அடியில் மறுபடி ஒரு முறை குனிந்து பாருங்கள். தரை காய்ந்திருக்கிறது, மீட்டரில் 12.5க்கு மேல் காட்டுகிறது என்றால் அந்தக் காரில் குழந்தைகளை ஏற்றலாம்.